பென்சிலைக் காணோம்

டீச்சர் கேள்வி கேட்டால் வகுப்பில் ஒரு கைகூடக் கீழே இருக்காது. பக்கத்து வகுப்புகளில் கேள்வி விழுந்ததும் பாதிப் பிள்ளைகளின் பென்சிலும் சேர்ந்து கீழே விழும். குனிந்து தேடப் போனவர்கள் ஆபத்து நீங்கிய பிறகுதான் நிமிர்வார்கள். டீச்சரின் வகுப்பில் அந்தப் பேச்சே கிடையாது. கேள்வி முடிவதற்குள் அத்தனை கைகளும் மேலே நிற்கும். மேற்பார்வைக்கு வருகிறவர்கள் கதவருகே நின்று பார்த்துவிட்டு, "இந்தம்மா என்ன மந்திரம் போடுறாங்க?" என்று தலைமையாசிரியையிடம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

மந்திரம் ஒன்றும் இல்லை. பதில் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் இடது கையைத் தூக்க வேண்டும். வருஷம் தொடங்கியதுமே டீச்சர் இதைப் பழக்கிவிடுவார். "வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது, இது நம்ம வகுப்பு ரகசியம்" என்பார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரகசியம் என்றால் கேட்க வேண்டுமா, குஷிதான். டீச்சரும் இடது கைகளையெல்லாம் தாண்டிக் கண்ணை ஓட்டி, வலது கையாகப் பார்த்து எழுப்புவார். யாரையோ ஏமாற்றுகிறோம் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தெரியாத பிள்ளையைத் தலைகுனிய விடாமல் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தார். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கதை.

அறிவியல் பாடம் அவருக்கு உயிர். மேசைமேல் தண்ணீர்க் கிண்ணம், மெழுகுவர்த்தி, காந்தம், ஈரத் துணியில் முளை விட்ட பயறு எல்லாம் தயாராக இருக்கும். பாடம் ரயில் மாதிரி ஓடும். "செடி வளர என்ன வேணும்? தண்..." என்று நிறுத்துவார். "ணீர்!" என்று கூரை அதிரும். "காந்தம் எதை இழுக்கும்? இரும்..." "பு!" பாதிப் பதிலை டீச்சரே வாயில் ஊட்டிவிடுவார், மீதியை மென்றால் போதும்.

ஒரு தடவை ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்மணி மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கேள்வி கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டுக் காத்திருங்க. பிள்ளை தப்பா சொன்னா தப்புன்னு சொல்லாதீங்க. ஏன் அப்படி நினைக்கிறேன்னு கேளுங்க. கேட்டுட்டு மறுபடியும் காத்திருங்க." டீச்சர் பக்கத்தில் இருந்தவரின் காதில், "நாப்பது வாலுங்களை உட்கார வச்சுக்கிட்டு நான் வாயை மூடினா, கூரை பறந்துடும்" என்றார். இருவரும் சிரித்தார்கள். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த ரயில் வீட்டுக்கு வந்த பிறகும் நிற்காது. வீட்டின் முன்னறைதான் அவர் கணவரின் தையல் கடை. முன்னறை, நடு அறை, கடைசியில் சமையலறை என்று ஒரே நேர்கோட்டில் நீண்டு கிடக்கும் வீடு. தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துவிடலாம். டீச்சர் குடையை மடக்கியபடி உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"கடையில கூட்டமா? இருக்காது, இந்த மழையில யார் வரப்போறா. டீ குடிச்சீங்களா? குடிச்சிருப்பீங்க."

தையல்காரர் உதட்டில் கவ்வியிருக்கும் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் பேச முடியும். அதற்குள் டீச்சர் சமையலறைக்குப் போயிருப்பார்.

"இப்போ நீ கேட்டியா, சொன்னியா?" என்று தையல்காரர் மெஷினில் இருந்தபடியே குரல் கொடுப்பார்.

"கேட்டேங்க."

"அப்போ நானும் பதில் சொல்லிட்டேன்னு வச்சுக்க."

அவர்களுக்கு ஒரே பெண். குட்டி என்றுதான் வீட்டிலும் தெருவிலும் கூப்பிடுவார்கள். அதே பள்ளிக்கூடத்தில் இப்போது ஐந்தாம் வகுப்பு. சத்தமில்லாத பிள்ளை. ஜாடி நிறையத் தண்ணீர் எடுத்துவந்து டம்ளருக்கு வெளியே ஊற்றுவாள். அதற்குத் திட்டு வாங்கி வாங்கி, ஜாடியின் மூக்கை டம்ளர் விளிம்பில் இடித்து வைத்துக்கொண்டு ஊற்றப் பழகிவிட்டாள். படி இறங்கும்போது கடைசிப் படியைக் காலால் தடவிப் பார்ப்பாள். பந்து வந்தால் பிடிக்க மாட்டாள், விலகிக்கொள்வாள். "பராக்குப் பார்க்காதடி. உடம்பு இங்க இருக்கு, மனசு எங்க மேயுது?" என்பார் டீச்சர். அப்பாவுக்கு மட்டும் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். ஊசியை மெஷினின் கழுத்தில் முட்டுக் கொடுத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நூலை நாக்கில் ஈரப்படுத்தி, பல தடவை தவறவிட்டுக் கடைசியில் கோத்துவிடுவாள். அவருக்கு அதில் பெருமை. வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

அந்த வருஷ மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதிக்க ஆட்கள் வந்தார்கள். வராந்தாவில் எழுத்து அட்டையை மாட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. குட்டியின் முறை வந்தபோது டீச்சரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். முதலில் இடது கண்ணை மூடச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் மளமளவென்று படித்தாள். பிறகு வலது கண்ணை மூடச் சொன்னார்கள். அட்டையைப் பார்த்தபடி சும்மா நின்றாள்.

"வேடிக்கை பார்க்காதே, படி. மேல ஒரே ஒரு பெரிய எழுத்துதானே இருக்கு?" என்றார் டீச்சர்.

"ஆமா."

"அது ஆனாதானே?"

"ஆமா."

பரிசோதிக்க வந்த இளம்பெண் அட்டையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினாள். "இப்போ என்ன இருக்கு பாப்பா?"

குட்டி அட்டையைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "ஆனா" என்றாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நிக்கிறீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

கண்ணாஸ்பத்திரியில் காத்திருந்தவர்களின் ஈரக் குடைகளிலிருந்து தண்ணீர் வடிந்து, தரையெல்லாம் சொதசொதவென்று இருந்தது. தையல்காரர் அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். உள்ளே டாக்டர் குட்டியை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, சொட்டு மருந்து விட்டு, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். வயதானவர், அவசரப்படாத மனிதர்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ரொம்ப நாளாவெல்லாம் இல்ல டாக்டர். நல்லாத்தான் படிக்கிறா. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்றார் டீச்சர்.

"நான் பிள்ளையைக் கேட்டேம்மா."

அவர் காத்திருந்தார். சுவர் ஓரத்தில் மின்விசிறி கிறீச்சிட்டது. டீச்சருக்கு நாக்கு நமநமத்தது. கடைசியில் குட்டி, "எப்பவும் இப்படித்தான்" என்றாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

குட்டி வாயைத் திறந்தாள். அதற்குள் டீச்சர், "சொல்லலைதானே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி?" என்றார்.

"இல்ல" என்றாள் குட்டி.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு விளக்கினார். "ஒரு கண்ணு நல்லாருக்கு. இன்னொண்ணுல பவர் ரொம்ப அதிகம். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா, மூளை நல்ல கண்ணை மட்டும் வச்சு வேலையை ஓட்டிக்கும். மத்ததைக் கண்டுக்காது. கண்டுக்காம விட்டா அந்தக் கண்ணு பார்க்கவே கத்துக்காது."

"கண்ணாடி போட்டா சரியாயிடும்ல டாக்டர்?"

"ஆறேழு வயசுல கூட்டிட்டு வந்திருந்தா, ஆமாம்மான்னு தைரியமா சொல்லியிருப்பேன். இப்போ கண்ணாடி கொடுக்கிறேன். நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் ஒட்டி மூடி வைங்க. சோம்பேறியா இருந்த கண்ணு வேற வழியில்லாம வேலை செய்யும். கொஞ்சம் திரும்பலாம். முழுசா வரும்னு சொல்ல மாட்டேன்."

"அவ வாயைத் திறந்து சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார் டீச்சர். தையல்காரர் மகளின் தோளில் கையை வைத்து, சட்டைத் தையலை விரலால் நீவிக்கொண்டே நின்றார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் டீச்சரின் புலம்பல் ஓயவில்லை. உருளைக்கிழங்கு நறுக்கும்போதும் அதுதான், ஈரத்துணி பிழியும்போதும் அதுதான். பெத்தவகிட்டச் சொல்லாம யார்கிட்டச் சொல்லுவா? ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துட்டாளே! ஒரு சாயங்காலம் குட்டி கடைக்கு எதிரே ரொட்டி வாங்கப் போயிருந்தாள். தையல்காரர் மெஷினை நிறுத்தினார்.

"ஏம்மா, இங்க வா. உட்காரு."

"அடுப்புல முட்டை வேகுது."

"வேகட்டும். அவளைத் திட்டாதே. அவ சொல்லியிருக்கா."

"யார்கிட்ட? உங்ககிட்டயா? சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"உன்கிட்ட."

டீச்சர் சிரித்தேவிட்டார். "என்கிட்டயா? என்கிட்டச் சொல்லி நான் சும்மா இருப்பேனா? என்னை என்னன்னு நினைச்சீங்க?"

"கத்தாதே. நேத்து சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கிட்டு இருந்தேன். அவ பக்கத்துல பட்டன் பொறுக்கிட்டு இருந்தா. எனக்கும் இப்பல்லாம் ஊசிக் காது மங்குதுடின்னு என் பாட்டுக்குப் புலம்பினேன். ரொம்ப நேரம் கழிச்சு அவளாச் சொன்னா. ரெண்டாங்கிளாஸ்ல உன்கிட்டப் படிக்கும்போது சொன்னாளாம். கிளாஸ்லயே எழுந்து சொன்னாளாம். நீ தப்புன்னு உட்கார வச்சியாம்."

"நானா? எப்போ?"

"பென்சில் பாடமாமே. யாரோ அதிகாரி வந்திருந்தாங்களாம்."

முட்டை வெந்த தண்ணீர் பொங்கி அடுப்பில் விழுந்து சீறியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

டீச்சருக்கு அந்த நாள் நன்றாகவே நினைவிருந்தது. அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாட்களில் அது ஒன்று. புலன்கள் பாடம். கடைசி பெஞ்சில் மேற்பார்வையாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளை கையிலும் இரண்டு பென்சில். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கூர்களையும் நேருக்கு நேர் தொட வைக்க வேண்டும். கூர்கள் சேராமல் விலகி விலகிப் போகும். இரண்டு கண்ணாலும் பார்த்தால்தான் எது கிட்டே, எது தூரத்தில் என்பது பிடிபடும் என்பது பாடம். பிள்ளைகள் சிரித்துச் செய்தார்கள். "ஒரு கண்ணை மூடினா என்ன ஆச்சு?" என்று டீச்சர் கேட்டார். கைகள் எழுந்தன. முன்வரிசையில் குட்டியின் வலது கை, பெஞ்சைவிட்டு உடம்பே எழும்புகிற மாதிரி நீண்டிருந்தது. சாதாரணமாக மகளை அவர் எழுப்புவதில்லை, ஓரவஞ்சனை என்று பேச்சு வரும். அன்றைக்கு என்னவோ எழுப்பினார்.

"இந்தக் கண்ணை மூடினா ஒண்ணும் ஆகல டீச்சர். அந்தக் கண்ணை மூடினா பென்சிலைக் காணோம்" என்றாள் குட்டி. பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் அவர் டீச்சர்தான்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மேற்பார்வையாளரும் சிரித்தார். டீச்சருக்குக் காது சூடாகிவிட்டது. சொந்தப் பிள்ளை, அதுவும் இன்றைக்குப் பார்த்தா! "தப்பு. உட்காரு. அடுத்தது யார் சொல்றா? கூர் ரெண்டும் சே..." "ராது!" என்று வகுப்பு முடித்துவைத்தது. பாடம் ரயிலாக ஓடி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. போகும்போது மேற்பார்வையாளர் கைகுலுக்கினார்.

ஏன் அப்படிச் சொல்றே குட்டி? அவ்வளவுதான் கேட்டிருக்க வேண்டும். கேட்டுவிட்டு மூச்சு விடுகிற நேரம் நின்றிருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை பாடத்தில் யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்து, அதைச் சரியாகவும் சொல்லியிருக்கிறது. அந்த வகுப்பிலேயே அன்றைக்கு உண்மையான அறிவியல் பண்ணியது அவள் ஒருத்திதான். டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

"அதுக்கப்புறம் அவ வலது கையே தூக்கலையாம்" என்றார் தையல்காரர். பிறகு மெதுவாக, "எனக்கும் இதுல பங்கு உண்டு. ஊசியை முட்டுக் கொடுத்துக் கோத்தாளே, தினம் பார்த்தேன். சாமர்த்தியம்னு நினைச்சுக்கிட்டேன். ஏன் இப்படிச் செய்யறேன்னு ஒரு வார்த்தை கேட்கல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தைத்துக்கொண்டிருந்த கால்சட்டையை உதறி மறுபடியும் மெஷினில் போட்டார். நாளைக்குக் கொடுக்க வேண்டியது.

மறுநாள் டீச்சர் வகுப்பில் வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டார். ஈரத் துணி எப்படிக் காயுது? கைகள் எழுந்தன. முதன்முறையாக இடது கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இத்தனை வருஷமாக இவ்வளவு இடது கைகளா நின்றன! ஒரு சிறுமியிடம் போய், "நீ என்ன நினைக்கிறே?" என்றார். அவள் தன் கையை அண்ணாந்து பார்த்து, சரியான கையைத்தான் தூக்கியிருக்கிறோமா என்று சந்தேகப்பட்டு, கடைசியில் விம்மி அழத் தொடங்கினாள். ஆட்டத்தின் விதியை டீச்சரே மீறினால் பிள்ளை பாவம், என்ன செய்யும்? அன்றோடு அந்த ரகசியத்தை டீச்சர் எடுத்துவிட்டார். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகினார். வகுப்பில் கைகள் குறைந்துபோயின. "டீச்சர் கிளாஸ் டல்லாயிடுச்சு" என்று பேச்சு கிளம்பியது. அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் தினமும் சாயங்காலம் குட்டியின் நல்ல கண்ணை ஒட்டி மூடினார்கள். அதற்குமேல் கண்ணாடி. மூடிய கண்ணோடு அவள் பட்டன்களை நிறவாரியாகப் பிரிப்பாள், அப்பா சாக்கட்டியால் துணிமேல் போட்ட கோட்டை விரலால் தொடர்வாள். தோல் அரித்தது. தலை வலித்தது. ஆனால் முணுமுணுக்கவில்லை. ஒட்டியதை எடுக்கும் முன்பு டீச்சர் எதிரில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி விசாரிப்பார். இப்போது அவர் அவசரப்படுவதில்லை. கேட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

"இன்னிக்கு எப்படித் தெரியுது குட்டி?"

குட்டி அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். "நேத்தைவிட நல்லாருக்கும்மா."

"அந்தக் காலண்டர்ல என்ன படம்?"

"ஆறு. பாலம். பாலத்துல சைக்கிள்."

டீச்சருக்கு முகமெல்லாம் பூரிக்கும். அந்தப் பூரிப்பைப் பார்த்துக் குட்டியும் சிரிப்பாள். மழை விட்டு, பனி வந்து, வெயில் ஏறத் தொடங்கியது. "தேறி வர்றா. நல்லாத் தேறி வர்றா" என்று ஆசிரியைகள் அறையில் டீச்சர் எல்லோரிடமும் சொன்னார்.

மறுபரிசோதனைக்குப் போன அன்று டாக்டர் நெடுநேரம் பார்த்தார். அட்டையில் முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. விரல்களைக் காட்டினார், கிட்டே வந்தால்தான் எண்ண முடிந்தது.

"பெரிசா மாற்றம் இல்லையேம்மா. வீட்ல எப்படித் தெரியுதுன்னு சொன்னா?"

"தினம் தினம் நல்லாருக்குன்னுதான் டாக்டர் சொன்னா. காலண்டர்ல சைக்கிள்கூடச் சொன்னாளே!"

"காலண்டர் அங்கேயேதானே தொங்குது" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம். ஆனா எனக்கு உண்மை தெரிஞ்சாகணும். எது தெரியுது, எது தெரியலைங்கிறதைப் பிள்ளைதான் சொல்லணும். அதை வச்சுத்தான் மேற்கொண்டு என்ன செய்யறதுன்னு நான் முடிவு பண்ண முடியும்."

வீட்டுக்கு வந்ததும் தையல்காரர் மெஷினில் உட்கார்ந்தார். சாயங்காலம் டீச்சர் காலண்டரைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தார். குட்டியின் கண்ணை ஒட்டி மூடி, கடையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு தான் வீட்டின் நீளம் முழுக்க நடந்து சமையலறைக்குப் போய், அங்கிருந்த ஸ்டூலைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, மகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். தன் முகத்தில்தான் பிள்ளை பதிலைப் படிக்கிறாள் என்று பஸ்ஸில் வரும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

"குட்டி, நான் கேட்கிறேன். எப்படித் தெரியுது?"

தையல்காரர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் புகை படிந்திருந்தது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுப் போனார்கள். 'நல்லாருக்குதானே' என்று தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினார்.

"அம்மா" என்றாள் குட்டி. "நான் என்ன சொல்லணும்மா?"

எத்தனையோ வருஷம் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாதிப் பதிலை எடுத்துக் கொடுத்தவர். இந்தக் கேள்விக்கு எடுத்துக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும், பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். சுவரைப் பார்த்தபடியே, வேறு வழி தெரியாமல், தன் இடது கையை மேலே தூக்கினார். தோள் வலிக்கும் வரைக்கும் அப்படியே வைத்திருந்தார்.

கடையில் ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது. குட்டி எழுந்து நின்றிருக்க வேண்டும்.

"இடது கை தூக்கியிருக்கே" என்றாள் அவள் மெல்ல. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "விரலைத்தான் காணோம்மா" என்றாள்.